ஆடு படாத நிலம்

மேய்ச்சல் நில மாநாட்டுக்கு இன்னும் ஒரு மாதம்தான் இருந்தது. நிபுணர்கள் நேரில் பார்க்க வரவிருந்த புல்வெளியோ காய்ந்து, களை மண்டிக் கிடந்தது.

மூன்று வருடமாகப் பேராசிரியர் ஆராய்ச்சிக்காக வேலி போட்டுக் காத்த நிலம் அது. கால்நடை படாவிட்டால் புல் தானாகச் செழிக்கும் என்பதுதான் அவர் மாநாட்டில் வாசிக்கப்போகும் கட்டுரை. பழைய காவலாளியை வேலையை விட்டுத் துரத்தும்வரை புல்லும் பச்சைப்பசேலென்றுதான் இருந்தது.

பேராசிரியர் அந்தப் பழைய காவலாளியின் வீட்டுக்கே போய்விட்டார்.

"வேலைய விட்டுத் தூக்குன கடுப்புல என்னத்தய்யா தெளிச்ச?"

"பச்சத் தண்ணிகூட தெளிக்கல சார்."

"போலீஸுக்குப் போவேன்."

"போங்க. தூங்குமூஞ்சின்னு நாலு பேர் முன்னாடி என்னை வெளிய தள்ளுனீங்களே, அதையும் சேத்து எழுதிக் குடுங்க."

"புதுசா வந்தவன் ஈ காக்காவக்கூட உள்ள விடறதில்ல. அப்புறம் எப்படிய்யா புல்லு சாகும்?"

"அதனாலதான் சாகுது."

"என்ன உளர்ற?"

"ஞாயித்துக்கிழமை உங்களுக்குத்தான் சார் லீவு. என் மச்சானோட ஆடுங்களுக்கு ஏது லீவு? மூணு வருஷமா வாரம் தவறாம உள்ள வந்து, முத்துன புல்லக் கடிச்சு, புழுக்கையும் போட்டுட்டுத்தான் போச்சுங்க."

பேராசிரியர் தெருவை ஒருமுறை பார்த்துக்கொண்டார். குரல் இறங்கியது.

"வர்ற ஞாயித்துக்கிழமை... உங்க மச்சான் சும்மாதான இருப்பாரு?"

"இருப்பாரு. கேட்டத் திறந்துவிடத்தான் தோதான ஆள் இல்ல."