சென்னம்மா கட்டிய காப்பு

"அத்திப்பள்ளியில ஃப்ரெண்டு வூட்டு விசேஷம். சாயங்காலம் வந்துடுவோம்" என்று அம்மா சென்னம்மாவிடம் சொல்லிவிட்டு, கர்ப்பிணி மனைவி கவிப்ரியாவைக் காரில் ஏற்றினான் தினேஷ்குமார். அவள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

அவன் சாவியைத் திருகுவதற்குள், சென்னம்மா ஜன்னலுக்குள் கையை விட்டு அவன் மணிக்கட்டில் மஞ்சள் கயிற்றைக் கட்டிவிட்டாள்.

"மாரியம்மன் காப்புடா. அவுக்கிற வரைக்கும் ஊர் எல்லையத் தாண்டினா ஆத்தா சும்மா விடமாட்டா."

கம்பெனியில் ரோபோவை மேய்க்கிறவன்தான். ஆனாலும் மாரியம்மன் விஷயத்தில் தினேஷ் ரிஸ்க் எடுப்பதில்லை.

"இப்ப ஏதும்மா திருவிழா? எப்ப அவுப்பே?"

"பேத்தி பொறந்ததும்."

தினேஷ் மனைவியை முறைத்தான். "ஸ்கேன்ல பொண்ணுன்னு தெரிஞ்சத அம்மாகிட்ட சொல்லிட்டியா?"

"அவ அழுதாளே தவிர ஒண்ணும் சொல்லல. இப்ப நீதான் சொன்னே" என்றாள் சென்னம்மா. "ஆம்பளப் புள்ளைன்னா கருவக் கலைக்கக் கூட்டிட்டுப் போவியாடா?"

சொல்லிவிட்டு, காருக்கு முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள்.

"அம்மா, எந்திரி! தெருவே பாக்குது!"

"பாக்கட்டும். ஏத்துறதுன்னா ஏத்துடா."

தினேஷ் ஹாரன் அடித்தான். சென்னம்மா அசையவில்லை.

கார்க் கதவு திறந்தது. கவிப்ரியா இறங்கி முன்னால் வந்தாள்.

"கொஞ்சம் தள்ளி உக்காருங்கத்தே, எனக்கும் எடம் வேணும்."