டூயே வாய் திறந்தால்

"இன்னிக்கு மட்டும் நீ வாயே திறக்கக் கூடாது, டூயே! நான் பேசிக்கிறேன். நீ சும்மா பக்கத்துல உட்காரு, போதும்" என்றாள் கூட வேலை பார்க்கும் நீவெஸ்.

"எழுதினவன் நான். நான் பேசாம வேற யாரு பேசுவா?"

"நீ பேசினா என்ன ஆகும்னு உனக்கே தெரியும்டா."

தெரியும். ஒரு மாதமாக அவன் தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டிருப்பதே அதுதான்.

டூயே பைத்தான் என்ற கணினி மொழிக்கு ஒரு வெப்சாக்கெட் லைப்ரரி, அதாவது தகவல் கடத்தும் நிரல் தொகுப்பு, எழுதியிருந்தான். மூன்று வருட உழைப்பு. ஒரு முனையில் சர்வர், மறுமுனையில் கிளையன்ட். நடுவில் இணைப்பைத் திறந்தால் திறந்ததுதான், கேட்காமலே தகவல் வந்துகொண்டிருக்கும். கடைக்கோடித் தீவில் படுத்திருக்கும் நோயாளியின் நாடித்துடிப்பு, ஸ்பிலிட் நகரத்து மருத்துவமனைத் திரையில் நொடிக்கு நொடி தெரிய வேண்டும். இன்று தேர்வுக் குழு தலையசைத்தால் பதினொரு தீவுகளுக்கும் அவனுடைய லைப்ரரிதான். இல்லையென்றால் வெளிநாட்டுக் கம்பெனி ஒன்று தயாராகக் காத்திருந்தது.

சோதனைக்காக அந்தக் கடைக்கோடித் தீவுக்கு ஒரு ரப்பர் விரல் அனுப்பியிருந்தான். எழுபதை ஒட்டியே துடிக்கும் கருவி. அங்கிருக்கும் நர்ஸ் வின்கா தினமும் காலையில் நாடி பார்க்கும் கிளிப்பை அதில் மாட்டி இணைப்பைத் திறப்பாள். குரலும் அதே இணைப்பில்தான் போகும். முதல் வாரம் எல்லாம் ஒழுங்கு. பிறகுதான் பிடித்தது சனி. நீவெஸ் பேசினால் எண் எழுபதில் சமர்த்தாக நிற்கும். டூயே "காலை வணக்கம், வின்கா" என்றால் போதும், நூற்றைத் தாண்டிவிடும்.

அவன் குரல் நாடித் தகவலோடு எங்கேயோ கலக்கிறது என்று நினைத்து லைப்ரரியைப் பாதி பிரித்து இரண்டு முறை திருப்பி எழுதினான். மைக்கை மாற்றினான். யூகோ காற்றின் மேல்கூடப் பழியைப் போட்டுப் பார்த்தான். ஊரில் தலைவலி முதல் விவாகரத்து வரை அந்தத் தெற்குக் காற்றின் கணக்கில்தானே எழுதுகிறார்கள்!

குழுத் தலைவர் டாக்டர் ஓர்லிச் நெற்றியைப் பிடித்துக்கொண்டே வந்தார். "யூகோ அடிக்குது. இந்த மாதிரி நாள்ல முடிவே எடுக்கக் கூடாது. சரி, ஆரம்பிங்க."

நீவெஸ் மைக்கைப் பிடித்தாள். "வின்கா, கேக்குதா?"

"நல்லா கேக்குது, நீவெஸ்."

திரையில் எழுபத்தொன்று. பத்து நிமிடம் ஓடியும் இணைப்பு அறுபடவே இல்லை. குழுவினர் திருப்தியாக ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"எழுதினவர் நீங்கதானே? ஏன் உம்முனு இருக்கீங்க? நீங்களும் ரெண்டு வார்த்தை பேசுங்க" என்றார் டாக்டர்.

"அவனுக்குத் தொண்டை கட்டியிருக்கு, டாக்டர்" என்று குறுக்கே விழுந்தாள் நீவெஸ்.

"நான் தொண்டை டாக்டர்தாம்மா. அவர் பேசட்டும்."

டூயே மைக்கை வாங்கினான். "வணக்கம், வின்கா. அங்கேயும் காத்து பலமா?"

எண்பத்தெட்டு. நூற்று நான்கு. நூற்றுப் பன்னிரண்டு. நீவெஸ் கண்ணை மூடிக்கொண்டாள்.

"இது என்ன?" என்றார் டாக்டர்.

பொய் சொல்ல அவனுக்கு மனசு வரவில்லை. "தெரியல, டாக்டர். ஒரு மாசமா தேடுறேன். நான் பேசினா மட்டும் எகிறுது."

டாக்டர் பைக்குள் கைவிட்டு ஒரு காகிதச் சுருளை எடுத்தார். "நேத்து நீங்க சோதனை பண்ணினப்போ, அதே கிளிப்பிலேருந்து தீவிலிருக்கிற பழைய மிஷின் அச்சடிச்சது. உங்க லைப்ரரி வழியா வராதது. படகுல வரவழைச்சேன். உங்க பதிவை எடுங்க, ஒத்துப் பார்ப்போம்."

காகிதத்தையும் திரையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து விரல் வைத்து நகர்த்தினார்கள். முந்தின நாள் காலை ஒன்பது பதினாலுக்கு டூயே பேசியிருந்தான். காகிதத்திலும் அதே நொடியில் நூற்றுப்பத்து! கடைசி வரிவரை ஓர் எண்கூட மாறவில்லை.

டாக்டர் கண்ணாடியைக் கழற்றினார். "அங்கே கிளம்பினது எதுவோ, அதுவேதான் இங்கே வந்து சேர்ந்திருக்கு. ஒரு துடிப்புகூடச் சிந்தல. கோளாறு அந்த ரப்பர் விரல்லதான். உங்க லைப்ரரி சொக்கத்தங்கம், தம்பி! யூகோவாவது ஒண்ணாவது, பதினொரு தீவுக்கும் இதுதான்."

நீவெஸ் எழுந்து நின்று கைதட்டினாள். குழுவே தட்டியது. டூயேவுக்குச் சந்தோஷத்தில் கண் கலங்கிவிட்டது. மைக்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான்.

"வின்கா! கேட்டீங்களா? ஜெயிச்சுட்டோம்! அந்தப் பாழாப்போன ரப்பர் விரலைத் தூக்கிக் கடல்ல வீசுங்க!"



"அது ரெண்டாவது வாரமே உடைஞ்சுபோச்சு, டூயே" என்றாள் வின்கா மெல்ல. "அன்னிலேருந்து கிளிப்பை என் விரல்லதான் மாட்டிக்கிட்டிருக்கேன்."

திரையில் எண் நூற்றிருபதையும் தாண்டி ஏறிக்கொண்டிருந்தது.