ஆறு கிலோ

விடிந்தால் மகளுக்கு வண்டி. ஆராய்ச்சியில் சேர்ந்து முதல் முறையாக மழைக்காட்டுக்குப் போகிறாள். தவளை எண்ணுவதற்கு!

எதற்கு எண்ண வேண்டும், எண்ணி யாருக்குச் சொல்ல வேண்டும், ஒன்றும் அம்மாவுக்கு விளங்கவில்லை. கொண்டுபோகும் சாமான் பட்டியல் அதைவிடக் குழப்பம். கொசு மருந்து தடவிய கையால் தொட்டால் தவளைக்கு ஆகாதாம்.

"உன்னைக் கொசு பிடுங்கினா பரவாயில்லையாடி? தவளைக்கு இருக்கற மரியாதை உனக்கில்லையா?"

"அம்மா, தொணதொணக்காதே. பேட்டரி வாங்கிட்டு வந்துடறேன்."

அவள் அந்தப் பக்கம் போக, இந்தப் பக்கம் சீனியர் வந்து நின்றாள். கூடவே காட்டுக்குப் போகிறவள். வெளுத்த முதுகுப் பை, ஒட்டுப்போட்ட பூட்ஸ்.

"அவ பை எங்க ஆன்ட்டி?"

கையோடு கொண்டுவந்த தொங்கு தராசில் மாட்டித் தூக்கினாள்.

"பதினாலு கிலோ! ஆறுக்கு மேல ஆகாது."

மகள் மூச்சிரைப்புக்கு இழுக்கும் இன்ஹேலரை மட்டும் மேல் ஜிப்பில் வைத்தாள். புது மழைத் தார்ப்பாய், பெரிய டார்ச், மருந்துப் பெட்டி, தடித்தடியாய்ப் புத்தகம், எல்லாம் வெளியே வந்தன.

"ஐயோ, தார்ப்பாய் இல்லாம மழையில என்ன பண்ணுவா?"

"பார்த்துக்கலாம் ஆன்ட்டி. அவ கேட்டா, தேவையில்லைன்னு நான் சொன்னதா சொல்லிடுங்க."

தேவையில்லை என்றால் வைத்துவிட்டுப் போக வேண்டியதுதானே? அத்தனையையும் தன் பையில் திணித்துக்கொண்டு படியிறங்கிவிட்டாள் மகராசி!

அம்மாவுக்குத் தலைகால் புரியவில்லை. புரிந்த மாதிரி தோன்றியதும் பேராசிரியருக்குப் போன் போட்டாள்.

"சார், பட்டப்பகல்ல, என் கண்ணெதிர்லயே சுருட்டிட்டுப் போறா! இவளை நம்பி எப்படிப் பொண்ணை அனுப்பறது? அவ பேரை லிஸ்ட்லேருந்து அடிங்க."



"ஆறு கிலோவுக்கு மேல தூக்கினா உங்க பொண்ணுக்கு மூச்சு வாங்கும்னு டாக்டர் எனக்கு எழுதியிருந்தார்மா. அங்க அவங்கவங்க சாமானை அவங்கவங்கதான் சுமக்கணும். மூணு நாள் ஏத்தம். அதனால அவ பேரை அடிச்சிட்டேன்."

"அடிச்சிட்டீங்களா? அவ கிளம்பிட்டு இருக்காளே சார்!"

"நீங்க சொல்ற இந்தப் பொண்ணுதான் வந்து நின்னா. மிச்சத்தை நான் தூக்கறேன், அவளுக்குத் தெரிஞ்சா ரோஷப்பட்டு வரமாட்டா, சொல்லிடாதீங்கன்னா. அப்புறம்தான் திரும்ப எழுதினேன்."

அம்மா போனும் கையுமாகப் படிக்கு வந்து எட்டிப் பார்த்தாள்.

"சொல்லுங்கம்மா, இப்ப யார் பேரை அடிக்கட்டும்?"