ஈப்பிடிப்பான்

பால்கனியில் ஒரு புறா வந்து உட்கார்ந்தாலே தாரகை வாயை மூடிக்கொள்வாள். எது பறவை, எது பறவை உருவில் கம்பெனி அனுப்பிய எந்திரக் காது என்று பார்த்தவுடன் யாரால் சொல்ல முடிகிறது? கோவையில் ரகசியம் பேச இடமே இல்லை. அதனால்தான் பறவை பார்க்கப் போவதாக ஊரெல்லாம் சொல்லிவிட்டு, மார்கழிக் குளிரில் கணவன் குமரகுருவோடு வால்பாறைக்கு வந்திருந்தாள்.

காட்டுக்குள் ஆள் நடமாட்டமே இல்லை. தலைக்கு மேல் கிளையில் ஒரே ஒரு ஈப்பிடிப்பான். தாரகை உதட்டில் விரலை வைத்தாள்.

குமரகுரு பைனாகுலரில் வெகுநேரம் பார்த்தான். பறவை பாய்ந்துபோய் ஈயைக் கவ்விக்கொண்டு மறுபடி அதே கிளைக்கு வந்தது.

"ஈ புடிச்சுத் திங்குது பாரு புள்ள. நெசப் பறவைதான். தைரியமாச் சொல்லு."

"கம்பெனி ஆத்துல கழிவ விட்டத நான் பாத்தனுங்க. திங்கக்கெழம கோர்ட்டுல சாட்சி சொல்லப்போறன்."

சொல்லி முடித்ததும் நெஞ்சுப் பாரம் இறங்கியது. கிளம்பலாம் என்று கிளைக்கடியில் வைத்திருந்த பையை எடுக்கக் குனிந்தாள்.

பையின் மேல் ஈக்கள் செத்துக் கிடந்தன, முழுசு முழுசாக. அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே மேலிருந்து இன்னொன்று விழுந்தது.