ஒரு பொட்டுக் காரை

"தீவுக்கே பல் விளக்கச் சொல்லித் தர்றவன் நான். என் பொண்டாட்டி ஈறுல ரத்தம்! சர்ச்சுல பாட்டுக் கோஷ்டியே சிரிக்குது."

டோங்காவின் அந்தச் சின்னத் தீவுக்கு ஒரே பல் வைத்தியனான செமிசி, மனைவியை நாற்காலியில் உட்கார்த்தி விளக்கைத் திருப்பினான்.

"ரெண்டு வேளையும் தேய்க்கிறேன், டாக்டரே. பல் இடுக்குல நூலும் விட்டு எடுக்கிறேன்," என்றாள் லூபே.

"புளுகாதே. பல்லுல படிஞ்ச காரையை எடுத்துட்டா ஈறு சரியாயிடும். வாயைத் திற."

ஒவ்வொரு பல்லின் அடியிலும் கொக்கியால் சுரண்டினான். ஒன்றும் வரவில்லை. மறுபடியும் தேடினான். பற்கள் பளிங்காக இருந்தன. ஈறுதான் தொட்ட இடமெல்லாம் கசிந்தது.

"தோத்துட்டியா? மன்னிப்புக் கேளு!" என்று கையை நீட்டினாள். முழங்கை வரை நீலத் திட்டுகள்.

"எங்க இடிச்சுக்கிட்டே?"

"எங்கயும் இல்ல. தானா வருது."

இரண்டும் சேர்ந்தால் கோளாறு வாயில் இல்லை, ரத்தத்தில் என்று அவன் படித்திருந்தான். அதற்கு இந்த அறையில் மருந்து கிடையாது. தலைநகருக்குக் கப்பல் வெள்ளிக்கிழமைதான்.

கொக்கியைக் கீழே வைக்க அவனுக்கு மனம் வரவில்லை.

"லூபே, பல் தேய்க்காமத் தூங்கிடுவேன்னு சொல்லேன். பொய்யாவது சொல்லேன்."

அவள் சிரித்தாள்.

"பைபிள் மேல சத்தியம். ஒரு நாள்கூட விட்டதில்ல."