சிவந்த இலைகள்

மழைக்காட்டு மரக்கிளையில் புரோமெலியாட் செடி ஒன்று ஒட்டி வளர்ந்திருந்தது. அன்னாசிக்கு உறவுக்காரி. அவளுடைய இலைக்குழியில் தேங்கிய நீரில்தான் தவளை தன் தலைப்பிரட்டையை வளர்த்தாள்.

ஒருநாள் செடியின் நடு இலைகள் சிவந்தன. தவளை தாவி வந்தாள்.

"பூக்கப் போறியா? ஒருதடவை பூத்தா நீ காஞ்சு போயிடுவியே. என் பிள்ளைக்கு இன்னும் காலே முளைக்கல."

"பூவை நிறுத்தி வைக்க எனக்குத் தெரியலையே அக்கா."

தவளை இருப்புக்கொள்ளாமல் வேறு செடியின் குழி தேடிக் கிளைகிளையாக அலைந்தாள். ஒரு குழியில் நண்டு இருந்தது. இன்னொன்றில் தும்பிப்புழு வாயைத் திறந்தது. சோர்ந்து திரும்பியவளிடம், செடியின் அடியில் முளைத்திருந்த கன்று, "என்கிட்ட விடுங்க பெரியம்மா" என்றது.

அதன் குழியில் கொஞ்சம்தான் தண்ணீர் இருந்தது. வேறு வழியின்றிப் பிள்ளையை முதுகில் சுமந்துவந்து இறக்கினாள்.

காற்று வீசியது. கன்று நடுங்கியது.

"சிந்திட்டேனா பெரியம்மா?"

"கொஞ்சம்தான்" என்ற தவளை, காற்று வரும் பக்கமாக அதை ஒட்டி உட்கார்ந்தாள்.