தண்ணீர் விடக் கூடாத தொட்டி

பையை இறக்கி வைக்கும் முன்பே அவளுக்கு வாடை தெரிந்துவிட்டது.

அழுகல் வாடை.

செங்காந்தள் தொட்டிக்குள் விரலை விட்டாள். மண் சொதசொதவென்று இருந்தது. கிழங்கு கூழாக விரலோடு வந்தது.

இன்னும் ஆழமாகத் தோண்டினாள். அங்கேயும் கூழ்தான்.

"ஒரு நாளு விடல, பாத்துக்க." பின்னால் வந்து நின்றார் அவள் கணவர் குருசாமி. "நீ போன கையோட காய ஆரம்பிச்சிருச்சு. உசுரக் குடுத்துத் தண்ணி ஊத்தியிருக்கேன்."

மகளின் இரண்டாவது பிரசவத்துக்காக ஓசூர் போனவள், இரண்டு மாதம் கழித்து இப்போதுதான் சாத்தூர் வெயிலுக்குத் திரும்பியிருக்கிறாள். இரவெல்லாம் பேருந்து. உடம்பு அடித்துப் போட்டாற்போல் இருந்தது.

கோடையில் காந்தள் கொடி சருகாகிவிடும். கிழங்கு மண்ணுக்குள் உறங்கும். மழை வரும்வரை அதற்குச் சொட்டுத் தண்ணீர் காட்டக் கூடாது.

இருபது வருடமாக வாரப் பத்திரிகையில் வறண்ட நிலத் தோட்டம் பற்றி எழுதுகிறவள். முன்பின் தெரியாதவர்கள் எல்லாம் போன் போட்டுக் கேட்பார்கள். "அம்மா, காந்தள் காஞ்சு கெடக்கே, கொஞ்சம் தண்ணி விடட்டுமா?"

"விடவே விடாதீங்க" என்பாள்.

ஊருக்கெல்லாம் சொன்னவள் வீட்டில் சொல்லவில்லை. செடிப் பக்கமே எட்டிப் பார்க்காத மனுஷன். அவள் எழுத்தில் ஒரு வரிகூடப் படித்ததில்லை. அந்த வருத்தம் அவளுக்கு எப்போதும் உண்டு.

மழை பொய்த்த வருடத்திலும் பூத்த கொடியில் மட்டும் கிழங்கெடுத்து, நட்டு, மறுபடி எடுத்து, மறுபடி நட்டு வந்த காந்தள் இது. எல்லாம் கண் பார்வையில் இருக்கட்டும் என்று இந்த ஒரே தொட்டியில் வைத்திருந்தாள். எழுதிக்கொண்டிருக்கும் புத்தகமே இதைப் பற்றித்தான். கார்த்திகையில் பூத்ததும் அட்டைக்குப் படம் எடுக்க வருவதாக இருந்தார்கள்.

இனி எடுக்க ஒன்றுமில்லை.

திட்டத்தான் திரும்பினாள்.

அவர் இடுப்பில் குடம் இருந்தது. வலது முழங்காலில் துண்டைச் சுற்றிக் கட்டியிருந்தார். கால் வீங்கியிருந்தது.

"வீட்டு போர் தண்ணி உப்பு. செடிக்கு ஆகாதுல்ல? அதான் தெருக்கோடிக் குழாயில போயி நல்ல தண்ணியாப் பிடிச்சாந்தேன்."

"உப்பு ஆகாதுன்னு யார் சொன்னா?"

"நீதான் எழுதியிருக்கியே." அவருக்குக் கூச்சமாக இருந்தது. "வீடு வெறிச்சுன்னு கெடந்துச்சு. நீ எழுதுன பழைய பத்திரிகையையெல்லாம் எடுத்து உக்காந்தேன். பாதி முடிச்சாச்சு. மிச்சத்தையும் படிச்சிட்டேன்னு வையி, நான் உனக்குச் சொல்லிக் குடுப்பேன்."

அவள் தோண்டிய மண்ணைத் தொட்டிக்குள் தள்ளி மூடினாள். கோபம் மட்டும் எங்கும் போய்விடவில்லை.

"எப்ப மொளைக்கும்?" என்றார்.

"மழை வரட்டும். இனிமே தண்ணி நான் பாத்துக்கிடுதேன். நீங்க காலை நீட்டி உக்காருங்க."

கிழங்கு விஷம். கையைச் சோப்புப் போட்டுக் கழுவினாள்.

அவர் குளிக்கப் போனதும் கட்டிலடியில் பார்த்தாள். பத்திரிகைகள் இரண்டு அடுக்காக இருந்தன. படித்தது ஒன்று, படிக்காதது ஒன்று.

படிக்காத அடுக்கில் தேடி எடுத்தாள். காந்தளின் உறக்கத்தைப் பற்றி அவள் எழுதிய ஒரே கட்டுரை. எழுதியதிலேயே நல்லதும் அதுதான்.

அதைத் தன் துணிப்பைக்குள் அடியில் திணித்துவிட்டு, மற்றவற்றை வரிசை கலையாமல் அடுக்கி வைத்தாள்.